படகுக்காரன் விருந்து

கடைசியாக யாரையாவது "வாங்க, சாப்பிடலாம்" என்று கூப்பிட்டீர்களே, அவர் வந்து உட்கார்ந்துவிடுவார் என்று நினைத்தா கூப்பிட்டீர்கள்? நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள்.

நீங்கள் மட்டும் அல்ல, கெய்ரோ முழுக்க அப்படித்தான். நைல் நதியின் நடுவில் படகில் போகிறவன் மடியில் ரொட்டியை விரித்து வைத்துக்கொண்டு, கரையில் நடந்து போகிறவனைப் பார்த்து, "வா அண்ணே, ஒரு வாய் சாப்பிடு" என்று கத்துவான். கரையில் இருப்பவன் நீந்தியா வரப் போகிறான்? "நல்லா சாப்பிடு தம்பி, உன் கை நெறையட்டும்" என்று பதிலுக்குக் கத்திவிட்டு நடையைக் கட்டுவான். இருவருக்கும் மனம் குளிரும். ரொட்டியில் ஒரு விள்ளலும் குறையாது. படகுக்காரன் விருந்து என்று இதற்குப் பெயர். கூப்பிடுவது மரியாதை, மறுப்பது அதைவிடப் பெரிய மரியாதை. இந்த ஊர்க் குழந்தைக்குப் பல் முளைக்கும் முன்பே இது வந்துவிடும்.

இன்ஸாஃபுக்கும் வந்திருந்தது. அவளுடைய ஒன்பது வருடத்தைத் தின்றது அதுதான்.

இன்ஸாஃப் சுற்றுலா வழிகாட்டி. பல்கலைக்கழகத்தில் பழைய எகிப்தின் சித்திர எழுத்தைப் படித்தவள். வேலைக்காக ஸ்பானிய மொழியையும் கற்றுக்கொண்டாள். இம்பாபாவில் ஒரு சந்து வீட்டில், இஸ்திரிக் கடை வைத்திருக்கும் கணவன் ஷெஹாத்தாவோடும் இரண்டு பெண் பிள்ளைகளோடும் இருக்கிறாள். ஸ்பானிய மொழி பேசுகிறவர்கள் எகிப்துக்கு வந்து இறங்கினால் அவர்களுக்கு முதல் மூன்று நாள் இவள்தான். விமான நிலையத்தில் பெயர்ப் பலகையைத் தூக்கிப் பிடித்து நிற்பாள். பிரமிடைக் காட்டுவாள், அருங்காட்சியகம், கோட்டை, கடைவீதி எல்லாம் காட்டுவாள். பிறகு கீஸா ரயில் நிலையத்தில் அவர்களை அஸ்வான் வண்டியில் ஏற்றிவிட்டுக் கையசைப்பாள். அதோடு சரி.

உண்மையான பயணம் தொடங்குவதே அந்த வண்டியில்தான். அஸ்வான், லக்ஸர், நதியோரக் கோயில்கள், மலைக்குள் குடைந்த கல்லறைகள். அந்தச் சுவர்களில் இருக்கும் எழுத்தைத்தான் அவள் நான்கு வருடம் கண் எரியப் படித்தாள். மாணவியாக இருந்தபோது ஒரே ஒருமுறை, பேருந்துக்காரர் அவசரப்படுத்த, ஓட்டமும் நடையுமாகப் பார்த்தாள். அதன் பிறகு தெற்கு அவளுக்கு ரயிலின் முதுகாகத்தான் தெரிந்தது. தெற்கு ஆண் வழிகாட்டிகளுக்கு உரியது. எந்தச் சட்டத்திலும் அப்படி இல்லை. சட்டத்தில் இருந்தால் வழக்காவது போடலாம்.

நிறுவன முதலாளி மம்தூஹ் வாயில் தேன் தடவியவர். ஒவ்வொரு குளிர்காலமும் பயணிகள் வரத் தொடங்கும்போது, அலுவலகத்தில் எல்லோர் முன்னாலும் சொல்வார். "கடவுள் மேல ஆணையா சொல்றேன் இன்ஸாஃப், தெற்கு உனக்குத்தான். நாளைக்கே வேணும்னாலும் கிளம்பு."

இன்ஸாஃப் வளர்ந்த முறைப்படி, பெரிய மனிதர்களைப் பாஷா என்று அழைக்கும் மரியாதையோடு பதில் சொல்வாள். "உங்க நல்ல மனசே போதும், பாஷா."

மறுநாள் வேறொருவன் கிளம்புவான். யாராவது ஏன் என்று கேட்டால் மம்தூஹ் உதட்டைப் பிதுக்குவார். "நான் கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்கேன். பாவம், அது வீட்டுக்காரன் விடமாட்டான்." அந்த வீட்டுக்காரன் சட்டைக் காலரை மடிப்புக் கலையாமல் தேய்த்துக்கொண்டு இம்பாபாவில் இருந்தான். அவனை யாரும் கேட்கவில்லை.

இந்த வருடம் மட்டும் மம்தூஹ் ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னார். "அர்ஜென்டினாவிலேருந்து நாலு பேர் வர்றாங்க. ஒரு முணுமுணுப்பு இல்லாம வண்டியில ஏத்தி விடு. அத்தர் கடைக்கு மறக்காம கூட்டிட்டுப் போ, நம்ம கமிஷன் அங்கதான். அடுத்த கூட்டத்தோட நீ தெற்கே போற." நிபந்தனை போட்டுச் சொன்னதால் இது மெய்யான பேச்சுபோல் இருந்தது. இன்ஸாஃப் அன்று வீட்டுக்கு வந்து பழைய கல்லூரிப் பாடநூலைத் தூசி தட்டினாள்.

நால்வரில் மூவர்தான் வந்தார்கள். ரூபன், அலிசியா என்று ஓய்வு பெற்ற வாத்தியார் தம்பதி. கிராசியேலா என்று ஒரு பருத்த பெண்மணி. இரும்புத் தொழிற்சாலை ஒன்றின் சமையற்கூடத்தில் வாழ்நாளெல்லாம் ஆக்கிப் போட்டவர். கைகள் இரண்டும் உலக்கை.

"என் தங்கச்சி நார்மா படியில விழுந்து காலை உடைச்சுக்கிட்டா. பாதிப் பணம்கூட திருப்பித் தர மாட்டேன்னுட்டாங்க. அதனால ஓட்டல் ரூம்லயும் ரெண்டு கட்டில், ரயில்லயும் ரெண்டு படுக்கை, எல்லாம் எனக்கே" என்றார்.

வேன் ஓட்டுகிற ஸக்லூல் பெட்டிகளை ஏற்றினார். அறுபதைத் தொட்டவர். இன்ஸாஃபைவிட அவளுடைய படிப்பில் அவருக்குத்தான் பெருமை. அவளை டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்; அவரை ஊரே சித்தப்பா என்று கூப்பிடும். நகருக்குள் நுழைந்ததும் ரூபன் இருக்கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"இந்த ரோட்டுல எத்தனை வரிசைன்னு கேளுங்க" என்றார்.

இன்ஸாஃப் கேட்டாள். ஸக்லூல் கண்ணாடியில் பார்த்துச் சொன்னார். "கோடு போட்டது மூணு. ஓடறது அஞ்சு. எனக்குத் தோணினா ஆறு."

மறுநாள் காலை பிரமிடு. குதிரைக்காரர்களும் ஒட்டகக்காரர்களும் தலைத்துணி விற்பவர்களும் மொய்த்தார்கள். அவர்களை விலக்கி மூவரையும் நிழலான பக்கம் நிறுத்தினாள் இன்ஸாஃப். ரூபன் அண்ணாந்து பார்த்தார். எல்லோரும் கேட்பதையே கேட்டார். "இதை மனுஷன் கட்டியிருக்க முடியாதுன்னு சொல்றாங்களே? வேற கிரகத்துலேருந்து வந்தவங்கன்னு."

"மர்மம்னு சொல்லு, மர்மம்தான் விக்கும்" என்பது மம்தூஹின் கட்டளை. இன்ஸாஃப் வழக்கமாகச் சிரித்து நழுவிவிடுவாள். மற்ற நாட்டுக் கோட்டையை அந்தந்த நாட்டுக்காரன் கட்டினான் என்று ஒப்புக்கொள்கிறவன், எகிப்தியன் கட்டியதை மட்டும் ஆகாயத்துக்குத் தூக்கிக் கொடுக்கிறான். இதை அறியாமை என்று சொல்லி விட்டுவிட முடியாது. கல் சுமந்தவன் செத்த பிறகும் அவனுடைய கூலியைப் பிடுங்குகிற வேலை இது.

அவள் வாய் திறப்பதற்குள் கிராசியேலா கேட்டார். "அது கெடக்கட்டும். இத்தனை ஆளுக்கு யார் சமைச்சது?"

ஒன்பது வருடத்தில் அதை யாரும் கேட்டதில்லை. இன்ஸாஃப் தெற்குப் பக்கம் கைநீட்டினாள். அங்கே ஒரு பெரிய மதில். அதற்கு அப்பால்தான் கட்டியவர்களின் குடியிருப்பு தோண்டி எடுக்கப்பட்டது. கோயில் மணி வடிவக் கனத்த மண் அச்சுகளில் ரொட்டி சுட்ட அடுப்படிகள், குவியல் குவியலாக மாட்டெலும்பும் ஆட்டெலும்பும், வேலை செய்தவர்களையும் அவர்களை மேய்த்தவர்களையும் புதைத்த கல்லறைகள். உடைந்த கை எலும்பைச் சேர்த்துக் கட்டிக் குணமாக்கியிருந்த எலும்புக்கூடுகூட உண்டு.

"மாட்டுக்கறி போட்டிருக்கானா?" என்றார் கிராசியேலா. "எங்க தொழிற்சாலையில எலும்புதான் போடுவான், கறியை ஆபீசருங்களுக்கு வச்சுக்குவான்."

"உங்க முதலாளியைவிட எங்க ஃபேரோ ராஜா பரவாயில்ல போலிருக்கே" என்றாள் இன்ஸாஃப். ரூபன்கூடச் சிரித்துவிட்டார். அன்று அவள் மர்மம் எதையும் விற்கவில்லை. அடுப்புகளைப் பற்றியே பேசினாள். மூவரும் நகராமல் கேட்டார்கள்.

வேனுக்குத் திரும்பினால், ஸக்லூல் முன்னிருக்கையில் பழைய செய்தித்தாளை விரித்து, ஒரு கிண்ணம் ஃபூல், வெங்காயம், ஊறுகாய், நாலு ரொட்டி என்று உட்கார்ந்திருந்தார். ஃபூல் என்றால் மசித்த மொச்சை. காலையில் அது இறங்காவிட்டால் கெய்ரோக்காரனுக்கு நாள் தொடங்காது. அவர் முறைப்படி ரொட்டியை நீட்டி, "வாங்க, சாப்பிடுங்க" என்று சைகை செய்தார்.

ரூபனும் அலிசியாவும் நெஞ்சில் கைவைத்து மறுத்தார்கள். கிராசியேலா, "நன்றி" என்றார், பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார், ரொட்டியைப் பிய்த்தார்.

ஸக்லூல் விழித்தார். பிறகு கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினார். பாதிக்கு மேல் அந்த அம்மாள்தான் சாப்பிட்டார். எலுமிச்சை குறைவு என்று கையால் பிழிந்து காட்டினார்.

"டாக்டரம்மா" என்றார் ஸக்லூல் அரபியில், மெல்லும் வாயோடு. "நாப்பது வருஷமா கூப்பிடறேன். மொத தடவையா ஒரு ஆள் வந்து உக்காந்திருக்கு."

"கோவமா சித்தப்பா?"

"பசி. கோவம் இல்ல. நல்லாத்தான் இருக்கு."

அன்று மாலை ஓட்டல் வாசலில் இன்ஸாஃப் விடைபெற்றாள். விடைபெறும்போது எல்லோரிடமும் சொல்வதைச் சொன்னாள். "எங்க வீடு உங்க வீடு மாதிரி. ஒருநாள் நீங்க சாப்பிட வரணும்."

கிராசியேலாவின் முகம் மலர்ந்தது. "வர்றோமே. நாளைக்கு வெள்ளிக்கிழமை, உங்க ஊர் லீவு நாள், உங்க வீட்டுக்காரரும் இருப்பாரே. எத்தனை மணிக்கு?"

வேனில் ஏறியதும் இன்ஸாஃப் தலையில் கைவைத்துக்கொண்டாள். பயணிகளை வீட்டுக்கு அழைத்துப் போகக் கூடாது என்பது நிறுவன விதி. அதைவிட, நாளை மதியம்தான் அத்தர் கடை.

"நீயும் படகுல ஏறிட்டியா?" என்று ஸக்லூல் வண்டியைக் கிளப்பினார். "இது சும்மா வாய் வார்த்தைம்மான்னு வெளக்கிச் சொல்லிடு. வெளிநாட்டுக்காரங்க, புரிஞ்சுக்குவாங்க."

"சொல்லலாம்."

"சொல்லு. இல்லேன்னா தெற்கு போச்சு."

இன்ஸாஃப் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தாள். பாலத்தின் கீழே ஒரு படகில் யாரோ விளக்கேற்றியிருந்தார்கள். "சித்தப்பா, ஒம்பது வருஷமா ஒரு ஆள் என்னைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கான். கூப்பிட்டுட்டுக் கதவைச் சாத்திக்கிறான். அவனைத் தெனமும் மனசுக்குள்ள திட்டறேன். நாளைக்கு நானும் அதையே அந்த அம்மாவுக்குச் செஞ்சா, என்னை யார் திட்டறது?"

ஸக்லூல் சிறிது நேரம் ஆரன் அடித்துக்கொண்டே போனார். "நான் திட்டறேன்னு வை" என்றார். "சரி, நாளைக்கு என்ன சமையல்?"

வெள்ளிக்கிழமை முலூகியா. மேல்மாடியில் குடியிருக்கும் நாத்தனார் ஸீனாத் காலையிலேயே கீழே வந்து, அந்தக் கீரையை அரிவாளால் பொடிப்பொடியாக நறுக்கிக்கொண்டே பாட்டுப் படித்தாள். "யாராவது கூப்பிட்டா வந்துடறதா? இவங்க ஊர்ல மானம் ரோஷம் கிடையாதா? கோழி ரெண்டு போதுமா? தட்டு எங்கே?"

"நீ திட்டறியா, சமைக்கிறியா?"

"ரெண்டும் ஒரே கைதான்."

மூவரும் வந்தார்கள். ஷெஹாத்தா தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்று வரவேற்றான். பேச மொழி இல்லாததால் ரூபனின் கசங்கிய மேற்சட்டையை அன்போடு கழற்றி எடுத்துப்போய்த் தேய்த்துக்கொண்டு வந்து மாட்டிவிட்டான்.

கிராசியேலா கூடத்தில் உட்காரவில்லை. நேராக அடுப்படிக்குப் போனார். அங்கே ஸீனாத் பூண்டையும் கொத்தமல்லியையும் நெய்யில் பொன்னிறமாக வறுத்து, கொதிக்கும் கீரைக்குழம்பில் கொட்டப்போகிற நேரம். கொட்டும்போது சமைப்பவள் 'ஹா' என்று மூச்சை உள்ளே இழுத்துத் திடுக்கிட வேண்டும். அந்தத் திடுக்கிடல் இல்லாத முலூகியாவை இந்த ஊரில் நாய்கூட மோந்து பார்க்காது என்பார்கள்.

"மூச்சுக்கும் ருசிக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, வெறும் மூடநம்பிக்கை" என்று இன்ஸாஃப் இருவருக்கும் இரண்டு மொழியில் சொன்னாள்.

"அப்ப நீ சமைக்கும்போது ஏன் இழுக்கிற?" என்றாள் ஸீனாத்.

"பழக்கம்."

கிராசியேலா கரண்டியை வாங்கினார். அறுநூறு பேருக்குச் சமைத்த தொண்டை. அவர் இழுத்த மூச்சில் கூடத்தில் இருந்த அலிசியா பதறி எழுந்து ஓடிவந்தார். ஸீனாத் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இன்ஸாஃபின் இரண்டு பெண்களும் அன்று முழுவதும் அதைப்போலவே செய்து காட்டிக்கொண்டிருந்தார்கள். ஸக்லூல் மூன்று முறை மறுத்துவிட்டு நாலாவது முறை சம்மதித்து, எல்லோரையும்விட அதிகம் சாப்பிட்டார்.

புதினா தேநீர் வந்தபோது தொலைபேசியும் வந்தது. கூட்டம் வரவில்லை என்று அத்தர் கடைக்காரன் மம்தூஹிடம் சொல்லிவிட்டான். இன்ஸாஃப் தொலைபேசியை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய், எங்கே இருக்கிறார்கள் என்று உண்மையைச் சொன்னாள்.

"வீட்டுக்கா கூட்டிட்டுப் போன? அந்தச் சந்துக்கா? யாரைக் கேட்டு?"

"அவங்களுக்குப் பிடிச்சிருக்கு, பாஷா."

"பிடிக்கும், பிடிக்கும். கடைக்காரனுக்கு நான் என்ன பதில் சொல்றது? தெற்கை மறந்துடு. உனக்கு விமான நிலையம்தான் சரி."

அவள் உள்ளே வந்து தேநீர் ஊற்றினாள். சர்க்கரை போட மறந்துவிட்டாள். இந்த ஊரில் அது நெஞ்சில் அடிபட்டதற்கு அடையாளம். ஷெஹாத்தா ஒரு வாய் குடித்துவிட்டு அவளைப் பார்த்தான். விருந்தினர் போன பிறகு கேட்டான். அவள் சொன்னாள். வீட்டுக்காரன் விடமாட்டான் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருப்பதையும் முதல் முறையாகச் சொன்னாள்.

"நானா? நான் எப்ப விடமாட்டேன்னேன்?" என்றான் ஷெஹாத்தா. இஸ்திரிப் பெட்டியை மீறிய சூடு அவன் குரலில் இருந்தது. "என்னைக் கேட்டிருந்தா பெட்டியை நானே மடிச்சு வச்சிருப்பேனே."

மறுநாள் மாலை கீஸா ரயில் நிலையம். மம்தூஹே நேரில் வந்திருந்தார். கடை தவறியதில் விருந்தினர்களுக்கு மனத்தாங்கல் இருக்குமோ என்று பார்க்க வந்தவர், ஆளுக்கொரு இனிப்புப் பெட்டி கொடுத்தார். ஸ்பானிய மொழியும் ஓரளவு பேசுவார்.

"இன்ஸாஃப் எங்களோட வரலையா?" என்று கிராசியேலா கேட்டார்.

"அஸ்வான்ல ஷவ்கின்னு ஒருத்தர் காத்திருக்கார். ரொம்ப நல்லவர்."

"நல்லவரா இருக்கட்டும். எங்களுக்கு இவங்கதான் வேணும். ஏன் அனுப்ப மாட்டேங்கறீங்க?"

நடைமேடையில் மூன்று பேரும் மம்தூஹையே பார்த்தார்கள். பெட்டி தூக்குகிறவர்களும் நின்று வேடிக்கை பார்த்தார்கள். மம்தூஹ் சிரித்தார். அவருக்குக் கைவந்த ஆயுதம் ஒன்று இருந்தது, எடுத்தார்.

"நானா அனுப்ப மாட்டேன்? இவளையே கேளுங்க. ஒம்பது வருஷமா கூப்பிடறேன், வீட்டை விட்டு வரமாட்டேங்கறா. இதோ, இப்பக்கூடச் சொல்றேன். உங்க தங்கச்சி படுக்கைகூடக் காலியாத்தான் இருக்கு. கடவுள் மேல ஆணை, இன்ஸாஃப், ஏறு. வண்டி உன் வண்டி. ஏறு, போ."

ஆணையை எல்லோருக்கும் கேட்கும்படி அரபியில் சொல்லி, அவர் கையை விரித்து ரயில் படியைக் காட்டினார். இன்ஸாஃப் இப்போது சொல்ல வேண்டியது என்ன என்பது அவருக்குத் தெரியும், ஸக்லூலுக்குத் தெரியும், பெட்டி தூக்குகிறவனுக்கும் தெரியும். உங்க நல்ல மனசே போதும், பாஷா. அந்த வார்த்தை அவள் நாக்கு நுனிவரை வந்தும் விட்டது.

அப்போது கிராசியேலாவின் கை கண்ணில் பட்டது. ஸக்லூலின் ரொட்டியைத் தயங்காமல் பிய்த்த அந்த உலக்கைக் கை.

"நன்றி, பாஷா" என்றாள் இன்ஸாஃப். ஏறிவிட்டாள்.

மம்தூஹின் கை விரித்தபடியே நின்றது. "இல்ல, இன்ஸாஃப், நான் என்ன சொன்னேன்னா..."

"ஆணையிட்டுச் சொன்னாரு, நானும் கேட்டேன்" என்றார் ஸக்லூல், யாரும் கேட்காமலே, பெட்டி தூக்குகிறவனிடம். "கடவுள் மேல ஆணை. நீயும் கேட்டேல்ல?"

"காது ரெண்டாலயும் கேட்டேன், சித்தப்பா" என்றான் அவன்.

வண்டி நகர்ந்தது. இன்ஸாஃபிடம் கைப்பையைத் தவிர ஒன்றும் இல்லை. கிராசியேலா பெட்டியைத் திறந்து தன் இரவுடை ஒன்றை எடுத்து அவள் மடியில் போட்டார். அதில் இரண்டு இன்ஸாஃப் படுக்கலாம். அவள் ஷெஹாத்தாவைக் கூப்பிட்டாள்.

"நான் அஸ்வானுக்குப் போறேன்."

"எப்ப?"

"வண்டி கிளம்பிடுச்சு."

மறுமுனையில் நீராவி சீறுவது கேட்டது. "போர்வை எடுத்துக்கிட்டியா? அந்த வண்டியில குளிரும்" என்றான் ஷெஹாத்தா. "பிள்ளைங்களுக்கு நேத்து மிஞ்சின முலூகியா இருக்கு. திடுக்கிடற வேலையை நானே பார்த்துக்கறேன், போ."

ஜன்னலுக்கு வெளியே பேரீச்ச மரங்களுக்கும் கரும்புக்கும் நடுவே சூரியன் இறங்கியது. ஒன்பது வருடம் நடைமேடையில் நின்று பார்த்த ரயிலின் முதுகில் அவள் சாய்ந்துகொண்டாள்.

காலையில் அஸ்வானில் ஷவ்கி அவளைப் பார்த்ததும் கண்ணைக் கசக்கினார்.

"நீ எப்படி இங்க?"

"முதலாளி கூப்பிட்டாரு. வந்தேன்."

"கூப்பிட்டா வந்துடறதா?" என்றார் ஷவ்கி. கேட்டுவிட்டு அவரே சிரித்தார். அவருக்கு முட்டிவலி. கல்லறைப் படிகளில் இறங்கி ஏறுவதை அவள் பார்த்துக்கொண்டால் நுழைவுச் சீட்டும் படகும் தன் பொறுப்பு என்றார். அந்தப் பயணத்தில் சுவர்களை இன்ஸாஃப் படித்துக் காட்டினாள். ஒவ்வொரு கோயிலிலும் கிராசியேலா, "இங்க யார் சமைச்சது?" என்று கேட்கத் தவறவில்லை. தெரிந்த இடத்தில் அவள் சொன்னாள். தெரியாத இடத்தில் தெரியாது என்றாள்.

ஊரறிய இட்ட ஆணையை மம்தூஹால் திரும்ப வாங்க முடியவில்லை; இப்போதும் தெற்கே போகிற ஸ்பானியக் கூட்டங்கள் அவளுடையவைதான். பெண்ணை முதலில் அனுப்பியவன் நானே என்று மம்தூஹ் அலுவலகத்தில் தேநீர் குடிக்கும்போதெல்லாம் சொல்கிறார். சொல்லிக்கொள்ளட்டும். ஆணையிட்டது அவர்தானே.

உங்களுக்கும் இப்படி வாயளவில் விரித்து வைத்த பாய்கள் நிறைய இருக்கும். எல்லோரும் சமம், எந்தக் கதவும் மூடவில்லை, நீங்கள்தான் வருவதில்லை என்று புன்னகையோடு சொல்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. உங்கள் மரியாதையை நம்பித்தான் அவர்கள் அவ்வளவு தாராளமாகக் கூப்பிடுகிறார்கள். ஆகவே ஒன்று செய்யுங்கள். அடுத்த முறை யாராவது கையை விரித்து "வாங்க, உக்காருங்க" என்றால், நல்ல மனசே போதும் என்று சொல்லாதீர்கள். நன்றி சொல்லிவிட்டுப் போய் உட்காருங்கள்.